உயிர் போன செயற்கைக்கோளை யார் வந்து எடுப்பது?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு இது பதில். போன மாதம் ஒரு நாள் இருட்டத் தொடங்கிய நேரத்தில் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தாராம். வடக்கிலிருந்து தெற்கே ஒரு வெளிச்சப் புள்ளி போயிருக்கிறது. விட்டுவிட்டு மினுக்கியது, ஆனால் விமானச் சத்தம் இல்லை, சிவப்பு பச்சை விளக்கும் இல்லை. "அது செத்துப்போன செயற்கைக்கோளா? அப்படியானால் அதை ஏன் யாரும் கீழே இறக்காமல் விட்டிருக்கிறார்கள்? சுட்டுத் தள்ளலாமே, காந்தம் வைத்து இழுக்கலாமே?" என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்கிற முறையில் எனக்கும் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தம்பி பார்த்தது செத்த பொருளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வேலை செய்கிற செயற்கைக்கோள் தன் முகத்தை ஒரே பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் அதன் வெளிச்சம் சீராகத் தெரியும், அல்லது மெல்ல ஏறி இறங்கும். கட்டுப்பாடு போனவைதான் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போகும். பெரும்பாலும் அது செயற்கைக்கோள்கூட இல்லை, அதை மேலே கொண்டுபோய் விட்ட ராக்கெட்டின் கடைசி அடுக்காக இருக்கும். ஒரு லாரி நீளத்துக்கு வெற்று உருளை. அதன் நீளவாட்டுப் பக்கம் வெயிலில் படும்போது பளிச்சென்று தெரியும், முனை நம்மைப் பார்க்கும்போது மங்கிவிடும். இதுதான் அந்த மினுக்கல்.

அது ஏன் விழாமல் இருக்கிறது என்றால், அந்த உயரத்தில் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. 400 கிலோமீட்டரில் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கிறது. அங்கே கைவிட்ட பொருள் ஓரிரு வருடத்தில் தானே இறங்கி எரிந்துவிடும். 600 கிலோமீட்டர் என்றால் இருபது வருடம்போல ஆகும். 800-ல் நூறு வருடத்துக்கு மேல். 1,000-ஐத் தாண்டிவிட்டால் பல நூற்றாண்டுகள். பூமியைப் படம் எடுக்கும் செயற்கைக்கோள்களுக்கு வசதியான உயரம் 600-லிருந்து 900 வரை. வேலைக்கு நல்ல இடம் எதுவோ, அதுதான் குப்பை சீக்கிரம் கழியாத இடமும்.

அங்கே எல்லாம் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் பத்துப் பன்னிரண்டு நொடியில் போகிற வேகம். இரண்டு பொருள்கள் குறுக்காக மோதினால் மோதும் வேகம் நொடிக்குப் பத்து கிலோமீட்டர்போல இருக்கும். அந்த வேகத்தில் வரும் பத்து கிராம் உலோகத் துண்டின் ஆற்றல், நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரின் ஆற்றலுக்குச் சமம். ஒரு நட்டு போதும், ஒரு செயற்கைக்கோள் போய்விடும். கண்காணிப்பில் இருக்கும் பொருள்களே சுமார் 40,000; ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் பத்து லட்சத்துக்கும் அதிகம் என்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் மதிப்பிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை எங்கே இருக்கின்றன என்று தெரியவே தெரியாது.

2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில், வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்கத் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் இரிடியம் 33, செத்துப்போன ரஷ்யச் செயற்கைக்கோள் காஸ்மோஸ் 2251 மீது மோதியது. இரண்டும் நொறுங்கி, கண்காணிக்கும் அளவுள்ளவையாக மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் ஆயின. இப்படி ஒன்று நடக்கும், அதன் துண்டுகள் அடுத்ததை உடைக்கும், அது அதற்கடுத்ததை உடைக்கும் என்று நாசா விஞ்ஞானிகள் டொனால்ட் கெஸ்லரும் பர்ட்டன் கூர்-பலேயும் 1978-லேயே எழுதிவிட்டார்கள்.

சரி, சுட்டுத் தள்ளலாமா? இதைத்தான் செய்யவே கூடாது. சுட்டால் பொருள் மறைவதில்லை, ஒன்று ஆயிரமாகிறது. 2007 ஜனவரியில் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை 860 கிலோமீட்டர் உயரத்தில் ஏவுகணையால் அடித்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள். அவற்றில் பெரும்பாலானவை இன்றும் சுற்றுகின்றன. 2021 நவம்பரில் ரஷ்யா அடித்ததில் 1,500-க்கு மேல். நம் நாடும் 2019 மார்ச் 27 அன்று மிஷன் சக்தி என்ற பெயரில் அடித்தது. 280 கிலோமீட்டர் உயரத்தைத் தேர்ந்தெடுத்ததால் பெரும்பாலான துண்டுகள் சில வாரங்களில், மாதங்களில் விழுந்துவிட்டன. ஆனாலும் சில துண்டுகள் அடிபட்ட வேகத்தில் மேலே எகிறி, சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் உயரத்தையும் தாண்டின. உயரம் குறைவாக இருந்தது நல்லது. அதையும் செய்யாமல் இருந்திருக்கலாம் என்பது என் கருத்து.

அப்புறம் காந்தம். செயற்கைக்கோள் பெரும்பாலும் அலுமினியம், கரியிழை, டைட்டானியம். காந்தம் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஏவும் முன்பே ஒரு இரும்புத் தகட்டை அதில் பொருத்தி அனுப்பியிருந்தால் பிடிக்கலாம். ஆஸ்ட்ரோஸ்கேல் என்ற ஜப்பானிய நிறுவனம் 2021-ல் அப்படி ஒரு சிறிய செயற்கைக்கோளைத் தானே அனுப்பி, விட்டுப் பிடித்துக் காட்டியது. இனி ஏவுகிற எல்லாவற்றிலும் அப்படி ஒரு பிடிமானம் இருக்க வேண்டும் என்பது நல்ல யோசனை. ஏற்கெனவே மேலே இருப்பவற்றில் அது இல்லை.

அப்படியானால் போய்ப் பிடித்துத்தான் இறக்க வேண்டும். அது ஏன் கடினம் என்பதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது பாதாளக்கரண்டிதான். சின்ன வயதில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டுக் கிணற்றில் வாளி அறுந்து விழுந்தால், தெருவில் ஒரே ஒரு வீட்டில் இருந்த பாதாளக்கரண்டியை வாங்கி வர என்னை அனுப்புவார் அப்பத்தா. ஒரு செம்பை அடகுபோல வைத்துவிட்டுத்தான் வாங்கி வர வேண்டும். ஒரு இரும்பு வளையம், அதைச் சுற்றிச் சங்கிலியில் தொங்கும் பத்துப் பன்னிரண்டு கொக்கி. கிணற்றுக்குள் விட்டு, கண் தெரியாத ஆழத்தில் கயிற்றை மெல்லச் சுண்டிச் சுண்டித் துழாவ வேண்டும். கொக்கி வாளியில் இடித்தால் கயிறு வழியே கைக்குத் தெரியும். இடித்த வாளி ஒரு சாண் நகர்ந்து, சேற்றில் நின்றுவிடும். மறுபடியும் துழாவலாம், மறுபடியும். சாயங்காலத்துக்குள் வாளி வந்துவிடும்.

விண்வெளியில் அந்த சேறு இல்லை. கொக்கி இடித்தால் பொருள் நகர்ந்து நிற்காது, நகர்ந்துகொண்டே போகும். இடித்ததில் புதிதாக ஒரு சுழற்சியும் சேர்ந்துகொள்ளும். ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் பொருள் அது. என்விசாட் என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் எட்டு டன் எடை. 2002-ல் ஏவியது, 2012 ஏப்ரலில் தொடர்பு அறுந்தது. அன்றிலிருந்து 770 கிலோமீட்டர் உயரத்தில் உருண்டுகொண்டிருக்கிறது. அதன் சோலார் பலகை ஒரு நீண்ட கைபோல நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கை சுற்றும்போது அதற்குள் புகுந்து, உடம்பில் உறுதியான ஓர் இடத்தைப் பிடித்து, இரண்டும் சேர்ந்து சுற்றத் தொடங்கியபின் அந்தச் சுழற்சியையும் அடக்க வேண்டும். பிடித்த இடம் இருபது வருட வெயிலில் பொரிந்துபோன வெப்பத்தடுப்புப் போர்வையாக இருந்தால் கிழிந்து கையோடு வந்துவிடும். அதுவும் ஒரு குப்பை.

வலை வீசிப் பார்த்தார்கள், ஈட்டி எறிந்து பார்த்தார்கள். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ரிமூவ்டெப்ரி திட்டத்தில் 2018 செப்டம்பரில் வலையும், 2019 பிப்ரவரியில் ஈட்டியும் வேலை செய்தன. ஆனால் இலக்கு, அவர்களே கொண்டுபோய் விட்ட சின்னப் பொருளும் பலகையும்தான். உண்மையான பழைய குப்பைக்கு அருகே போய்க் காட்டியது 2024-ல் ஆஸ்ட்ரோஸ்கேல் அனுப்பிய ஆட்ராஸ்-ஜே என்ற விண்கலம். இலக்கு, 2009-ல் ஏவிய ஜப்பானிய எச்-2ஏ ராக்கெட்டின் மேலடுக்கு: 11 மீட்டர் நீளம், மூன்று டன் எடை. அந்த உருளையில் ஜிபிஎஸ் இல்லை, பதில் சொல்லும் கருவி இல்லை, இரவில் விளக்கு இல்லை. தரையிலிருந்து ராடார் சொன்ன தோராயமான இடத்துக்குப் போய், கேமராவில் புள்ளியாகக் கண்டுபிடித்து, அடிமேல் அடிவைத்து நெருங்கிச் சுற்றிவந்து படம் எடுத்தார்கள். கடைசியில் 15 மீட்டர் வரை போனார்கள். எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் முகப்பிலிருந்து நடு முற்றம் தாண்டிப் பார்க்கிற தூரம்கூட இல்லை அது. இன்னும் தொடவில்லை, அடுத்த விண்கலம் எந்திரக் கையோடு போய்த் தொட வேண்டும்.

பிடித்தபின் இறக்குவது ஒப்பிட்டால் எளிது. 800 கிலோமீட்டரில் இருக்கும் ஒரு டன் பொருளை நொடிக்கு 200 மீட்டர் வேகம் குறைத்தால் போதும், அடுத்த அரைச் சுற்றில் அடர்ந்த காற்றில் நுழைந்துவிடும். அதற்குச் சுமார் நூறு கிலோ எரிபொருள். சிக்கல் இரண்டாவது பொருளுக்குப் போவதில் இருக்கிறது. பலரும் நினைப்பது, குப்பை வண்டி தெருத்தெருவாகப் போவதுபோல ஒரே கலம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வரலாம் என்று. விண்வெளியில் உயரத்தை மாற்றுவது மலிவு, சுற்றும் தளத்தை, அதாவது பாதையின் சாய்வையும் திசையையும், மாற்றுவது அநியாய விலை. தளத்தை ஒரே ஒரு டிகிரி சாய்க்க நொடிக்கு 130 மீட்டர் வேகம் செலவாகும். பத்து டிகிரி என்றால் 1,300 மீட்டர். கலத்தின் எடையில் பாதிபோல எரிபொருளாகவே கரைந்துவிடும். வேறு உயரத்தில் மாதக்கணக்கில் காத்திருந்தால் பூமியின் நடுப்பகுதி உப்பலே தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும் என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் அது திசையைத்தான் திருப்பும், சாய்வைத் திருத்தாது.

இதெல்லாம் பொறியாளர் தீர்க்கக்கூடிய சிக்கல். தீர்ப்பார்கள் என்றே நம்புகிறேன். எனக்குக் கவலை தருவது வேறொன்று, அதை நம் ஊர்க்காரருக்கு விளக்கவே தேவையில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரிய வீடு பூட்டியே கிடந்தது. பங்காளிகள் பதினான்கு பேர்: சிலர் பினாங்கில், சிலர் சென்னையில், இரண்டு பேர் அமெரிக்காவில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. பின்கட்டுச் சுவரில் அரசமரம் முளைத்து, வேர் காரைக்குள் இறங்கி, சுவர் சந்துப் பக்கம் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் சந்து. நாங்கள் காசு போட்டு இடிக்கத் தயாராக இருந்தோம். கொத்தனாரும் தயார். ஆனால் அடுத்தவர் சுவரில் கடப்பாரை வைக்க யாருக்கு உரிமை? பங்குள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருடம் ஆனது. அதற்குள் ஒரு ஐப்பசி மழையில் பாதிச் சுவர் தானே விழுந்தது. அன்று விடுமுறை நாள் என்பதால் பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

மேலே இருப்பதும் இதே சட்டம்தான். 1967-ம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தப்படி, ஒரு நாடு பதிவுசெய்து ஏவிய பொருள் உயிரோடு இருந்தாலும் செத்தாலும், முழுசாக இருந்தாலும் துண்டாக இருந்தாலும், அந்த நாட்டின் அதிகாரத்துக்கே உட்பட்டது. கடலில் கைவிட்ட கப்பலை இன்னொருவர் மீட்டு உரிமை கேட்பதற்கு இருப்பதுபோன்ற வழி அங்கே இல்லை. கேட்காமல் தொட்டால் தகராறு. அடுத்தவர் கோளைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு அதைக் கெடுக்கவும் தெரியும் என்ற பயம் வேறு. பொருள் யார் மீதாவது விழுந்து சேதம் செய்தால் ஏவிய நாடு இழப்பீடு தர வேண்டும் என்கிறது 1972-ம் ஆண்டின் ஒப்பந்தம். இறக்கப் போனவனும் ஏவியவனும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்கள்.

இப்போது மேலே நான் சொன்ன முயற்சிகளைத் திரும்பப் பாருங்கள். ஜப்பான் போய் நின்றது ஜப்பானிய ராக்கெட்டுக்குப் பக்கத்தில். ஐரோப்பா கிளியர்ஸ்பேஸ்-1 என்ற திட்டத்துக்கு 2020-ல் 8.6 கோடி யூரோ ஒதுக்கியது. அதன் இலக்கும் ஐரோப்பியப் பொருள்தான். ஆனால் மிக ஆபத்தானவை என்று வல்லுநர்கள் பட்டியலிட்டதில் முதலிடங்களில் இருப்பவை ஜெனித் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்குகள். ஒவ்வொன்றும் ஒன்பது டன்போல எடை, 840 கிலோமீட்டர் உயரத்தில் சுமார் இருபது, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் பாதைகளில். இரண்டு மோதினால் 2009-ல் நடந்தது சின்ன விஷயமாகிவிடும். இவை சோவியத் காலத்தில் தொடங்கி மேலே போனவை. செய்தது உக்ரைனில், ஏவியது இன்றைய கஜகஸ்தானில், பொறுப்பு ரஷ்யாவிடம். அந்தப் பங்காளிகளை இன்றைக்கு ஒரே திண்ணையில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.

அதனால்தான், செத்தபின் எடுப்பதைவிட உயிரோடு இருக்கும்போதே இறக்கிவிடுவது எத்தனையோ மடங்கு மேல் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அதற்குப் பங்காளி கையெழுத்து வேண்டாம், கொக்கி வேண்டாம், இன்னொரு ராக்கெட் வேண்டாம். தொட்டியில் கொஞ்சம் எரிபொருளை மிச்சம் வைக்கிற ஒழுக்கம் போதும்.

இதில் இஸ்ரோ செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பிரான்சுடன் சேர்ந்து 2011-ல் ஏவிய மேகா-டிராபிக்ஸ்-1, 867 கிலோமீட்டர் உயரத்தில் மழைமேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயிரம் கிலோ கோள். மூன்று வருடத்துக்கென்று செய்தது, பத்து வருடம் உழைத்தது. விட்டிருந்தால் நூறு வருடத்துக்கு மேல் அங்கேயே சுற்றியிருக்கும். தொட்டியில் 120 கிலோ எரிபொருள் மிச்சம் இருந்தது. அந்தக் கோள் இப்படிக் கட்டுப்பாட்டோடு இறங்குவதற்காக வடிவமைத்ததே இல்லை. பாதை தாழத் தாழக் காற்று இழுக்கும், முகத்தைப் பிடித்து வைப்பது சிரமம், தொட்டியில் அழுத்தம் குறைவு, தரைநிலையங்களின் பார்வையில் படும் நேரமோ சில நிமிடங்கள். 2022 ஆகஸ்டிலிருந்து சுமார் இருபது தடவை சிறுகச் சிறுக இறக்கி, 2023 மார்ச் 7 அன்று கடைசி இரண்டு உந்துதல்: நான்கு சிறு உந்துகருவிகள், ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம்போல. பசிபிக் பெருங்கடலில் ஆளில்லாத பகுதியில் போய்ச் சேர்ந்தது. 2007-ல் ஏவிய கார்ட்டோசாட்-2-ஐயும் இதுபோல முன்கூட்டியே தாழ்த்திவிட்டதால், முப்பது வருடம் சுற்ற வேண்டியது 2024 பிப்ரவரி 14 அன்று இந்தியப் பெருங்கடலுக்கு மேலே முடிந்தது.

கடலைத் தேடிப் போவதற்குக் காரணம், பெரிய பொருள் முழுக்க எரிவதில்லை. டைட்டானியத் தொட்டிகளும் தடித்த பாகங்களும் தரை வரை வரும். 2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஆளுயரத்துக்கு ஒரு உருளை ஒதுங்கியதே, அது நம் பிஎஸ்எல்வியின் மூன்றாம் அடுக்கு. அது சுற்றுப்பாதைக்குப் போகாமலே கடலில் விழுந்தது என்றாலும், எரியாமல் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு அதைப் பார்த்தாலே போதும்.

இஸ்ரோவுக்கும் இந்த ஒழுக்கம் அடிபட்டுத்தான் வந்தது. 2001 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி3 கிளம்பி, மூன்று கோள்களைச் சரியாக விட்டது. இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 19 அன்று, மேலே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த நான்காம் அடுக்கு மிச்ச எரிபொருளால் வெடித்து முந்நூறுக்கு மேற்பட்ட துண்டுகளானது. அதற்குப்பின் வந்த ராக்கெட்டுகளில், வேலை முடிந்ததும் தொட்டிகளை வடித்துக் காலி செய்துவிடுகிறார்கள். பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தையும் வடித்துவிட வேண்டும். 2015-ல் ஓர் அமெரிக்க வானிலைக் கோள் பேட்டரி வெடித்தே சிதறியது. செக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிற காரைக்குடியில் பேட்டரியின் குணம் எல்லாருக்கும் தெரியும்.

அந்த பிஎஸ்எல்வி-சி3 கொண்டுபோன மூன்றில் ஒன்று புரோபா-1 என்ற நூறு கிலோவுக்கும் குறைவான ஐரோப்பியக் கோள். ஐரோப்பாவின் கிளியர்ஸ்பேஸ் முதலில் பிடிக்க நினைத்தது வேறொரு ராக்கெட் பாகத்தை. 2023-ல் அந்தப் பாகத்தின் மீதே ஏதோ குப்பை மோதித் துண்டுகள் உதிர்ந்தன. அதனால் அடுத்த வருடம் இலக்கை மாற்றினார்கள். புது இலக்கு புரோபா-1. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரே ராக்கெட்டில் போன இரண்டு பொருள்களில் ஒன்று வெடித்துக் குப்பை ஆனது, இன்னொன்றைப் பிடித்து இறக்கத் திட்டம் போடுகிறார்கள்.

இஸ்ரோ 2030-க்குள் தன் ஏவுதல்களில் குப்பையே விடாத நிலைக்கு வரப்போவதாக 2024-ல் அறிவித்திருக்கிறது. 2025 ஜனவரி 16 அன்று ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் 220 கிலோ கோள்கள் இரண்டை விண்வெளியில் இணைத்தும் காட்டியது. அங்கே இரண்டும் ஒத்துழைத்தன. செத்த பொருள் ஒத்துழைக்காது. இருந்தாலும் நெருங்கிப் போகும் கணக்கு ஒன்றுதான், அதனால் எனக்கு நம்பிக்கை. குலசேகரப்பட்டினத்திலிருந்து சின்ன ராக்கெட்டுகள் போகத் தொடங்கும்போது, ஒவ்வொன்றிலும் போகிற ஒவ்வொரு கோளுக்கும் இறங்கும் வழி எழுதித் தந்தால்தான் ஏற்ற வேண்டும் என்பேன். 25 வருடத்துக்குள் இறங்கினால் போதும் என்றுதான் நெடுங்காலம் உலக வழக்கம் இருந்தது. அமெரிக்கா 2022-ல் அதை ஐந்து வருடமாகக் குறைத்தது. ஐந்துதான் சரி.

ஏற்கெனவே செத்தவற்றில் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா நாடுகளும் விதிகளை ஒழுங்காகப் பின்பற்றி, அதோடு வருடத்துக்கு ஐந்து பெரிய பொருள்களை எடுத்தாலே தாழ்சுற்றுப்பாதையில் பெருக்கம் நின்றுவிடும் என்று நாசா விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். இப்போது கோள்கள் ஆயிரக்கணக்கில் போவதால் அந்த ஐந்து போதாமல் போகலாம். ஆனாலும் எங்கிருந்து தொடங்குவது என்பது தெளிவு: சின்னத் துண்டுகளை விட்டுவிடுங்கள், பெரிய உருளைகளை எடுங்கள். சின்னத் துண்டுகளைப் பெற்றுப் போடப்போவது அவைதான்.

தம்பி, மறுபடி பார்க்க வேண்டுமானால் சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து மாடிக்குப் போங்கள். நமக்கு இருட்டியிருக்கும், அந்த உயரத்தில் இன்னும் வெயில் இருக்கும். மேகமில்லாத நாளாக, நிலா வராத நாளாக இருக்கட்டும். வடக்குத் தெற்காகப் போகும் புள்ளிகளில் மினுக்குவதைப் பிடித்துக்கொண்டு, ஒரு பளிச்சுக்கும் அடுத்த பளிச்சுக்கும் நடுவே எத்தனை நொடி என்று பத்துத் தடவை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். உலகெங்கும் ஆர்வலர்கள் பல பத்தாண்டுகளாக இதைச் செய்து வருகிறார்கள். ஒரு உருளை எவ்வளவு வேகமாகப் புரள்கிறது, அந்த வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பது அந்த எண்களில்தான் முதலில் தெரியும். தேதி, நேரம், வானில் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். அது எந்த ராக்கெட்டின் அடுக்கு என்று தேடிச் சொல்கிறேன்.